சிமுலேஷனில் ஹாக்லர் பட்டம் இழந்தால் ஆட்டம் தவறா? ஒரு மிடில்வெயிட் ஆண்டு மதிப்பீடு பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். 1980-ல் தொடங்கி, அந்தக் காலத்து நிஜ வீரர்களை வைத்தே மிடில்வெயிட் எடைப் பிரிவை ஒரு குத்துச்சண்டை சிமுலேஷனில், அதாவது கணினி ஆட்டத்தில், மாதம் மாதமாக ஓட்டி வருகிறீர்கள். உங்கள் உலகில் இப்போது 1985 டிசம்பர். மார்வின் ஹாக்லர் 1984 அக்டோபரில் முஸ்தஃபா ஹம்ஷோவிடம் புருவம் கிழிந்து ஏழாவது ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1985 ஏப்ரலில் தாமஸ் ஹெர்ன்ஸ் ஹம்ஷோவைப் புள்ளிகளில் வென்றார். நவம்பரில் ஜான் முகாபி ஐந்தாவது ரவுண்டில் ஹெர்ன்ஸை நாக்அவுட் செய்து சாம்பியன் ஆனார். முகாபிக்கு அந்த ஆண்டில் மூன்று சண்டை, மூன்றும் நாக்அவுட். ஹாக்லர் அதே ஆண்டில் டோனி சிப்சனையும் ஹுவான் ரோல்டானையும் நேரத்துக்கு முன்பே நிறுத்தி வென்றார். ஆண்டு இறுதி மதிப்பீடு எழுத உட்கார்ந்தால் ஹாக்லரை எங்கே வைப்பதென்று புரியவில்லை. ஆட்டம் வீரர்களுக்குப் போட்டிருக்கும் திறன் எண்களான ரேட்டிங்கே தவறோ, 1984-க்குத் திரும்பிப் போய் மறுபடி ஓட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. ஆட்டத்தின் கணக்கு சரியாக இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கிற முடிவுகளை வைத்து தரவரிசை போடுவது எப்படி என்பது இன்னொன்று. முதலாவதைச் சோதித்துப் பார்த்து ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதில் நியாயமான இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல இடம் உண்டு. புள்ளியியல் நான் படித்த படிப்பு, செய்கிற வேலையும் அதுதான். இப்படிப்பட்ட லீக்குகளில் பல வருடங்களாக ஆண்டு மதிப்பீடு எழுதியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மறுபடி ஓட்டாதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

நிஜத்தில் ஹாக்லர் 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்டரை மூன்றாவது ரவுண்டில் நிறுத்திப் பட்டம் வென்றார். பிறகு தொடர்ந்து 12 முறை அதைக் காத்தார். மின்டரையும் சேர்த்து அந்த 13 வெற்றிகளில் ரொபெர்ட்டோ டுரான் ஒருவர்தான் கடைசி மணி வரை நின்றார். மற்ற பன்னிரண்டும் நேரத்துக்கு முன்பே முடிந்தவை. இதை மனதில் வைத்திருக்கிற யாருக்கும், சிமுலேஷனில் ஹாக்லர் ஹம்ஷோவிடம் தோற்றதும் எங்கோ பிழை என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சவாலையும் ஹாக்லர் வெல்லும் வாய்ப்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது மிகத் தாராளமான மதிப்பு. அப்படியிருந்தும் பன்னிரண்டையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 28 சதவீதம்தான். உங்கள் ஹாக்லர் வீழ்ந்த 1984 அக்டோபர், நிஜத்தில் அவருடைய பத்தாவது பாதுகாப்புச் சண்டையின் மாதம். பத்தைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். அதாவது, ஹாக்லரை மிக உயர்வாக மதிப்பிட்ட ஒரு நேர்மையான சிமுலேஷனை மூன்று முறை ஓட்டினால், இரண்டில் அவர் அதற்குள் எங்காவது ஒரு முறை தோற்றிருப்பார். உங்களுக்கு நடந்தது அந்த இரண்டில் ஒன்று.

அப்படியானால் வாய்ப்பை இன்னும் ஏற்றி வைக்கலாமே என்று தோன்றும். 12 சண்டைத் தொடர் பாதிக்குப் பாதி வாய்ப்போடு நிகழ வேண்டுமென்றால் ஒவ்வொரு சண்டையிலும் அவருக்கு 94 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். ஆனால் நடந்த சண்டைகள் எல்லாமே அப்படி ஒருபக்கமாக இருக்கவில்லை. 1983 நவம்பரில் ரொபெர்ட்டோ டுரானுடன் நடந்த சண்டையில், 13 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்களின் கணக்கில் டுரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார், மூன்றாவது நடுவரிடம் சமநிலை. கடைசி இரண்டு ரவுண்டையும் எடுத்துத்தான் ஹாக்லர் 144-142, 144-143, 146-145 என்று தப்பினார். முடிவு தெரிந்த பிறகு ரேட்டிங் போடுகிறவர்கள் இந்த நெருக்கத்தை மறந்துவிட்டு, வென்றவருக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். வரலாறும் ஒரே ஒரு முறை ஓடிய ஓட்டம்தான். அதை அச்சு மாறாமல் திருப்பித் தருகிற சிமுலேஷனில், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

1987 ஏப்ரலில் சுகர் ரே லெனர்டிடம் ஹாக்லர் பட்டம் இழந்த சண்டை இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம். மூன்று நடுவர்களில் ஒருவர் 118-110 என்று லெனர்டுக்கும், ஒருவர் 115-113 என்று லெனர்டுக்கும், மூன்றாமவர் 115-113 என்று ஹாக்லருக்கும் கொடுத்தார்கள். லெனர்டுக்கு 115-113 கொடுத்த நடுவர் ஒரே ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டிருந்தால் அவர் கணக்கு 114-114 ஆகியிருக்கும். ஆளுக்கு ஒரு நடுவர், ஒன்று சமம். சண்டை டிரா, பட்டம் ஹாக்லரிடமே. ஒரு மனிதர் ஒரு ரவுண்டை எப்படிப் பார்த்தார் என்பதில் அந்தப் பிரிவின் அடுத்த மூன்று வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது.

கணினிக் குத்துச்சண்டையின் ஆரம்பமே இந்தப் பாடத்தோடுதான் வந்தது. 1970 ஜனவரியில், முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதினால் யார் வெல்வார் என்பதைக் கணினி முடிவு செய்தது என்று அறிவித்து, இருவரையுமே நடிக்க வைத்து எடுத்த படத்தைத் திரையரங்குகளில் காட்டினார்கள். படம் வெளிவரும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவில் காட்டிய முடிவில் மார்சியானோ 13-வது ரவுண்டில் நாக்அவுட் செய்கிறார். ஐரோப்பாவில் காட்டியதில் காயத்தால் மார்சியானோ நிறுத்தப்பட்டு அலி வெல்கிறார். ஒரே மோதலுக்கு இரண்டு முடிவு. ஒரு தடவை ஓட்டிக் கிடைத்ததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி தேவையில்லை.

சரி, அப்படியென்றால் ரேட்டிங் தவறாகவே இருக்க முடியாதா? இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. உங்கள் கோப்பை நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். அந்த நகலில் ஹாக்லர்–ஹம்ஷோ சண்டையை மட்டும் 1,000 முறை ஓட்டுங்கள். நூறு முறை போதாது. நூறு ஓட்டத்தில் கிடைக்கும் சதவீதம் உண்மையான மதிப்பிலிருந்து பத்துப் புள்ளி வரை மேலும் கீழும் ஆடலாம். ஆயிரத்தில் அது மூன்று புள்ளிக்குள் அடங்கும். நிஜத்தில் இருவரும் இரண்டு முறை மோதினார்கள். 1981-ல் பதினொன்றாவது ரவுண்டிலும் 1984-ல் மூன்றாவது ரவுண்டிலும் ஹாக்லர் நிறுத்தினார். ஆகவே ஆயிரத்தில் 850-க்கு மேல் ஹாக்லர் வென்றால் ரேட்டிங்கைத் தொடாதீர்கள், உங்களுக்குக் கிடைத்தது அரிய முடிவு, அவ்வளவுதான். 600 பக்கம் வந்தால் அது ரேட்டிங் பிழை. அப்போதும் பழைய முடிவை அழிக்காமல், அடுத்த ஆண்டிலிருந்து திருத்துவதே நல்லது. இடைப்பட்ட எண் வந்தால் கணக்கால் தீர்க்க முடியாது, உங்கள் தீர்ப்புதான்.

வெற்றி எண்ணிக்கையோடு நிற்காமல், தோற்கும்போது எப்படித் தோற்கிறார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் காயத்தால் என்றால், காயத்துக்கான எண் அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருக்கலாம். 1985 ஏப்ரலில் நிஜமான ஹாக்லர்–ஹெர்ன்ஸ் சண்டையில் ஹாக்லரின் நெற்றி கிழிந்தது. மூன்றாவது ரவுண்டில் ரெஃபரி ரிச்சர்ட் ஸ்டீல் மருத்துவரை அழைத்துக் காட்டினார். மருத்துவர் தொடரச் சொன்னார். அதே ரவுண்டில் ஹாக்லர் சண்டையை முடித்தார். மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் உங்கள் சிமுலேஷனில் நடந்ததுதான் நிஜத்திலும் நடந்திருக்கும், ஹம்ஷோவுக்குப் பதில் ஹெர்ன்ஸ், அவ்வளவே வித்தியாசம். அதே சண்டையில் ஹெர்ன்ஸின் வலது கை முதல் ரவுண்டிலேயே உடைந்தது. இந்த மாதிரி விஷயத்தைப் பெரும்பாலான சிமுலேஷன்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஹெர்ன்ஸுக்கு அந்த மூன்று ரவுண்டை மட்டும் வைத்துத் தாடை பலவீனம், அதாவது அடி தாங்கமாட்டார், என்று எண் போட்டிருந்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு விஷயம், ரவுண்டு எண்ணிக்கை. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகு, டபிள்யூபிசி (டபிள்யூபிஏ, ஐபிஎஃப் போல உலகப் பட்டம் வழங்கும் அமைப்பு) பட்டச் சண்டைகளை 15-லிருந்து 12 ரவுண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் சில வருடம் கழித்தே மாறின. அதனால் எண்பதுகளின் நடுப்பகுதியில் இரண்டு நீளமும் கலந்தே இருக்கும். உங்கள் ஆட்டத்தில் எல்லாப் பட்டச் சண்டைக்கும் 12 என்று ஒரே அமைப்பு வைத்திருந்தால், கடைசி ரவுண்டுகளில் ஏறி வரும் வீரர்கள் சத்தமில்லாமல் நஷ்டப்படுவார்கள். மேலே சொன்ன டுரான் சண்டை 15 ரவுண்டாக இருந்ததால்தான் அப்படி முடிந்தது. ஹெர்ன்ஸ் ஹம்ஷோவைப் புள்ளிகளில் வென்ற உங்கள் ஏப்ரல் சண்டை எத்தனை ரவுண்டு என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். முடிவை மாற்றுவதற்காகச் சொல்லவில்லை. மதிப்பீட்டில் அதைக் குறிப்பிட வேண்டும்.

இனி தரவரிசை. எழுத உட்காரும்போது வீரர்களின் ரேட்டிங் பக்கத்தைத் திறக்கவே கூடாது. உங்கள் உலகில் வாழும் ஒரு பத்திரிகை எழுத்தாளருக்கு அந்த எண்கள் தெரியாது. அவர் ஹாக்லர்–ஹெர்ன்ஸ் சண்டையைப் பார்த்ததே இல்லை. அவருடைய உலகில் அது நடக்கவில்லை. அவரிடம் இருப்பது யார் யாரை, எப்போது, எப்படி வென்றார்கள் என்ற பட்டியல் மட்டும். அதை வைத்து எழுதினால்தான் மதிப்பீட்டுக்கு உயிர் வரும். எண்களைப் பார்த்துக்கொண்டு எழுதினால், ‘உண்மையில் ஹாக்லர்தான் சிறந்தவர்’ என்ற வரி எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும்.

சாம்பியனைத் தனியே மேலே வைத்து, அவருக்குக் கீழே பத்து சவாலாளர்களை வரிசைப்படுத்துவது குத்துச்சண்டையின் பழைய வழக்கம். அதையே பின்பற்றுங்கள். அப்படிச் செய்தால் முகாபி முதலிடத்துக்குத் தகுதியானவரா என்ற சர்ச்சையே எழாது. பட்டத்தை வைத்திருந்தவரை வீழ்த்தினார், சாம்பியன் ஆனார். ஆண்டின் சிறந்த வீரரும் அவர்தான், இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

முதல் சவாலாளர் ஹாக்லரா, ஹெர்ன்ஸா என்பதில்தான் சிக்கல். ஹாக்லரை வென்ற ஹம்ஷோவை ஹெர்ன்ஸ் வென்றார், ஆகவே ஹெர்ன்ஸ் மேலே என்று ஒரு வாதம் வரும். இதை நான் ஏற்கமாட்டேன். குத்துச்சண்டையில் வெற்றிகள் அப்படிச் சங்கிலியாகக் கோர்க்க வராது. இதே வீரர்களிடமே ஆதாரம் இருக்கிறது. 1984 ஜூனில் ஹெர்ன்ஸ் டுரானை இரண்டே ரவுண்டில் நாக்அவுட் செய்தார். 1988 ஜூனில் ஐரான் பார்க்லி ஹெர்ன்ஸை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். 1989 பிப்ரவரியில், 37 வயது டுரான் அதே பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டம் எடுத்தார். மூன்று பேர், ஒரு வட்டம். பாணியும் வயதும் அன்றைய உடல்நிலையும் சேர்ந்து தீர்மானிப்பதை ஒரு நேர்கோட்டில் அடுக்க முடியாது. சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ உருவாக்கிய புள்ளி முறையைச் சிலர் இங்கே கொண்டுவருகிறார்கள். நானும் துணைக்கு ஓட்டிப் பார்ப்பேன். ஆனால் அது ஏராளமான ஆட்டங்கள் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும் முறை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மேடையேறும் வீரருக்கு அது தரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

என் தேர்வு ஹாக்லர் முதல் சவாலாளர், ஹெர்ன்ஸ் இரண்டு, ஹம்ஷோ மூன்று. காரணம் இது: ஹாக்லரின் ஒரே சறுக்கல் காயத்தால், அதுவும் போன வருடம், அதன் பிறகு தரமான இரண்டு பேரை நேரத்துக்கு முன் முடித்திருக்கிறார். ஹெர்ன்ஸின் ஏப்ரல் வெற்றி, இந்த ஆண்டில் ஹாக்லர் பெற்ற எந்த வெற்றியையும்விடப் பெரியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவருடைய கடைசிச் சண்டை ஒரு நாக்அவுட் தோல்வி. தன்னை நேரில் வென்ற ஹம்ஷோவுக்குக் கீழேதானே ஹாக்லர் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அந்த வெற்றிக்குப் பிறகு பதினான்கு மாதம் ஓடிவிட்டது, இடையில் ஹம்ஷோ தோற்றிருக்கிறார் என்பதே என் பதில். ஆனாலும் ஹெர்ன்ஸை முதலில் வைத்து நீங்கள் எழுதினால் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். எந்தக் காரணத்தால் வைத்தீர்கள் என்று மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

வயது விஷயத்தில் நானே உறுதியாகப் பேசமாட்டேன். ஹாக்லர் 1954 மே மாதம் பிறந்தவர், உங்கள் உலகில் 31 வயது. ஆட்டம் அவரை இறக்கத் தொடங்கியிருக்கும். அது நியாயமா? பெரும்பாலான சிமுலேஷன்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைவைப் போடுகின்றன. நிஜத்தில் வில்ஃப்ரெட் பெனிடெஸ் 17 வயதில் உலகப் பட்டம் வென்று, இருபதுகளின் நடுவிலேயே சரிந்துவிட்டார்; 1983-ல் அவரைத் தோற்கடித்ததே இந்த ஹம்ஷோதான். அப்போது பெனிடெஸுக்கு 24 வயது. மறுபக்கம் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 40 வயது வரை மிடில்வெயிட் பட்டத்தை வைத்திருந்தார். இரண்டையும் ஒரே வளைவு விளக்காது. வயதைவிட, வாங்கிய அடியையும் ஆடிய ரவுண்டுகளையும் வைத்து இறக்குகிற வசதி உங்கள் ஆட்டத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள் என்பது என் யோசனை. அதுவும் ஒரு ஊகமே.

ஓய்வில் இருக்கும் வீரர்களுக்குத் தானாகத் தண்டனை போடும் விதியையும் மென்மையாக வையுங்கள். ஹாக்லரை வெல்லும் முன் லெனர்ட் கிட்டத்தட்ட மூன்று வருடம் மேடையேறியிருக்கவில்லை. அது விதிவிலக்குதான், ஆனாலும் விதிவிலக்குக்கு வழியே இல்லாத உலகம் சலிப்பூட்டும்.

மதிப்பீட்டில் சாம்பியன், முதல் மூவர் என்று நின்றுவிடாமல் பக்கத்துப் பிரிவையும் எட்டிப் பாருங்கள். மிடில்வெயிட் வரம்பு 160 பவுண்டு, அதாவது சுமார் 72.57 கிலோ. அதற்குக் கீழே 154 பவுண்டில் மைக் மெக்கல்லம் 1984 அக்டோபரிலிருந்து டபிள்யூபிஏ பட்டத்தோடு இருந்தார். உங்கள் உலகிலும் அவர் அப்படியே இருந்தால், 1987 வாக்கில் இங்கே ஏறி வருவார் என்று ஒரு பத்தி எழுதலாம். மைக்கேல் நன் அப்போதுதான் தொழில்முறைக்கு வந்த இளைஞர். இவர்கள்தான் அடுத்த தலைமுறை.

பட்டம் பிரிவதையும் இப்போதே யோசித்து வையுங்கள். நிஜத்தில் ஹாக்லருக்குப் பிறகு பிரிவு சிதறிய வேகம் ஆச்சரியமானது. 1987 அக்டோபர் 10-ல் ஃபிராங்க் டேட் ஐபிஎஃப் பட்டத்தையும், 23-ல் சும்பு கலாம்பே டபிள்யூபிஏ பட்டத்தையும், 29-ல் ஹெர்ன்ஸ் டபிள்யூபிசி பட்டத்தையும் எடுத்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று சாம்பியன்கள். உங்களிடம் இன்னும் ஒரே சாம்பியன் இருப்பது எழுதுகிறவருக்குப் பெரிய வசதி. அதைச் சீக்கிரம் கைவிடாதீர்கள்.

1986-க்கு முதல் சண்டையாக முகாபி–ஹாக்லரைப் போடுங்கள். நிஜத்தில் அது 1986 மார்ச் 10-ல் லாஸ் வேகாஸில் நடந்தது, ஹாக்லர் பதினொன்றாவது ரவுண்டில் வென்றார். உங்கள் உலகில் இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள்: முகாபி சாம்பியன், ஹாக்லர் சவாலாளர். 12 ரவுண்டாக வைத்து, நகலில் ஒத்திகை பார்க்காமல், அசல் கோப்பில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். யார் வென்றாலும் ஹெர்ன்ஸ்–ஹம்ஷோ மறுபோட்டியை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த டிசம்பரிலும் இரண்டாம் இடத்துக்கு இதே குழப்பம்தான் வந்து நிற்கும்.